அசைவது தெரிகிறது... வேகம் தெரிகிறதா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு சின்ன லேத் பட்டறைக்குள் பொழுது சாய்ந்த பிறகு போய் நின்று பாருங்கள். பழைய சோக் வைத்த டியூப் லைட் மட்டும் எரிகிற பட்டறையாக இருந்தால், முழு வேகத்தில் ஓடுகிற சக் (வேலைப்பொருளைக் கவ்விப் பிடித்துச் சுழலும் பாகம்) சில நேரம் மெதுவாகப் பின்பக்கம் சுற்றுவது போலத் தெரியும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அது அசையாமல் நிற்பது போலவே தோன்றிவிடும். சத்தம் மட்டும் ஓடுகிறது என்று சொல்லும். கண் நிற்கிறது என்று சொல்லும். கண்ணை நம்பிக் கையை வைத்தவருக்கு விரல் மிஞ்சாது.

கணக்கு எளிது. நமக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை டியூப் லைட் மங்கி மங்கிப் பிரகாசிக்கும். ஆக, நொடிக்கு 100 முறை. மூன்று ஜா, அதாவது கவ்வும் தாடை, உள்ள சக் ஒன்று நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால், நொடிக்கு 33 சுற்றும் சொச்சமும் வரும். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று ஜாக்கள் ஒரே இடத்தைக் கடக்கின்றன. மொத்தம் நொடிக்கு 100. விளக்கு ஒவ்வொரு முறை பிரகாசிக்கும்போதும், போன முறை ஒரு ஜா இருந்த இடத்தில் அடுத்த ஜா வந்து நிற்கிறது. கண்ணுக்குக் கிடைப்பது மாறாத ஒரே காட்சி. குழாயின் உட்பூச்சு வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிப்பதால் இந்த மயக்கம் முழுமையாக இருப்பதில்லை. இருந்தாலும் ஆபத்து ஆபத்துதான். அடுத்தடுத்த விளக்குகளை வேறு வேறு ஃபேஸில் இணைப்பதும், மெஷினுக்கு மேலே தனியாக ஒரு குண்டு பல்பைத் தொங்கவிடுவதும் பட்டறைகளில் வழக்கமானது இதனால்தான்.

இதில் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை. ஒரு நொடிப்பொழுதின் காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டால் அதில் அசைவு என்று ஒன்றும் கிடையாது. பறக்கும் காகத்தின் புகைப்படமும், கம்பியில் இறக்கையை விரித்து நிற்கும் காகத்தின் புகைப்படமும் படம் என்ற அளவில் ஒன்றுதான். சற்று முன் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று இரண்டையும் ஒப்பிட்டுத்தான் அசைவை உணர முடியும். ஈ, தவளை, கொக்கு, பூனை, மனிதன் என்று கண்ணுள்ள எந்த உயிரும் இந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும்.

அந்தக் கணக்கு ஒவ்வோர் உயிருக்கும் ஒரு குறிப்பிட்ட வேக வரம்புக்குள்தான் சரியாக வரும் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வந்த சேதி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வாழ்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை மற்றவர்களைவிடச் சற்று அதிகம். ஏரியும் ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் பகுதி இது.

இந்தக் கணக்கு நமக்குத் தினமும் விருந்தும் வைக்கிறது. பூந்தமல்லியை அடுத்த ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் எடுக்கும் படமானாலும், அம்பத்தூர் ராக்கி தியேட்டரில் ஓடும் படமானாலும் திரையில் இருப்பது நொடிக்கு 24 நிலைப்படங்கள்தான். ஓட்டமும் சண்டையும் நடனமும் பார்ப்பவர் மண்டைக்குள் உருவாகின்றன. மேக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் இதை ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்து 1912-ல் வெளியிட்டார். இரண்டு கோடுகளைச் சரியான இடைவெளியில் மாற்றி மாற்றிக் காட்டினால், ஒரே கோடு இங்கிருந்து அங்கே தாவுவதாகத் தெரியும். இடைவெளி மிகக் குறைந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் தெரியும்; மிக நீண்டால் தனித்தனியாக.

இந்தத் துறையில் நம் ஊர்ப் பெயர் ஒன்று உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன். கை இழந்தவர்களின் இல்லாத கையில் வரும் வலியைக் கண்ணாடி வைத்துத் தணித்தவர் என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். அதற்கு முன்பே, 1980-களில், ஸ்டூவர்ட் ஆன்ஸ்டிஸுடன் சேர்ந்து அசைவைப் பற்றி அவர் நிறைய சோதனைகள் செய்திருக்கிறார். ஒரு பெரிய உருவம் நகர்ந்தால், அதன் மேலுள்ள சின்னச் சின்னப் புள்ளிகளும் கூடவே நகர்வதாக மூளை எடுத்துக்கொள்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். சிறுத்தை பாயும்போது அதன் உடம்பிலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாகத் துரத்திக்கொண்டிருக்க மூளைக்கு நேரமில்லை. உருவத்தைப் பிடித்துவிட்டால் புள்ளிகள் தானாக வந்து சேரும்.

இரண்டு ஸ்டேஷன், ஒரு தாமதம்

கணக்கு என்கிறோமே, அதை நரம்பு எப்படிப் போடுகிறது? 1956-ல் பெர்ன்ஹார்ட் ஹாசென்ஸ்டைன், வெர்னர் ரைஷார்ட் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் ஒரு வண்டை வைத்து இதற்கு விடை சொன்னார்கள். குளோரோஃபேனஸ் என்ற கூன்வண்டு அது. அதை முதுகுப்பக்கம் ஒரு கம்பியில் ஒட்டி அந்தரத்தில் நிறுத்தினார்கள். காலுக்கு, வைக்கோல் துண்டுகளால் செய்த லேசான உருண்டை ஒன்று. வண்டு நடக்க நடக்க உருண்டை காலடியில் சுழலும். கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை பாதை இரண்டாகப் பிரியும். சுற்றிலும் கோடு போட்ட உருளைகள். கோடுகள் எந்தப் பக்கம் நகர்கின்றனவோ அந்தப் பக்கப் பாதையை வண்டு எத்தனை முறை தேர்ந்தெடுக்கிறது என்று எண்ணினார்கள். வண்டின் மண்டையைத் திறக்காமலே, அதற்குள் இருக்கும் நரம்புச் சுற்றை வெறும் எண்ணிக்கையிலிருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்தச் சுற்றை நம் ரயில் பாதையில் வைத்தே விளக்கலாம். ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கு யூனிட் ட்ரெயின் பத்து நிமிடத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆவடி பிளாட்பாரத்தில் ஒருவர், அம்பத்தூரில் ஒருவர். ரயில் கடந்ததும் இருவரும் வேறெங்கோ உட்கார்ந்திருக்கும் மூன்றாவது ஆளுக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஆவடிக்காரர் அனுப்பும் தகவல் மட்டும் பத்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேரும்படி ஏற்பாடு. மூன்றாவது ஆள் ரயிலைப் பார்ப்பதே இல்லை. இரண்டு தகவலும் ஒரே நேரத்தில் வந்தால் மட்டும் மணி அடிப்பார். சென்ட்ரல் நோக்கிப் போகும் ரயிலுக்கு மணி அடிக்கும். அரக்கோணம் பக்கம் போகும் ரயிலுக்கு, அம்பத்தூர்த் தகவல் முதலில் வந்து போய்விடும்; ஆவடித் தகவல் வர இருபது நிமிடமாகும்; மணி அடிக்காது. ஒரு தாமதம், ஒரு ஒப்பீடு. திசை தெரிந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சென்ட்ரல் நோக்கியே ஓர் எக்ஸ்பிரஸ் ஐந்து நிமிடத்தில் பறந்து வந்தால் என்ன ஆகும்? அம்பத்தூர்த் தகவல் ஐந்தாவது நிமிடத்தில் வந்துவிடும். ஆவடித் தகவல் பத்தாவது நிமிடத்தில்தான் வரும். ரயில் போனது உண்மை; மணி அடிக்கவில்லை. தாமதம் எவ்வளவு என்பதை வைத்துத்தான் எந்த வேகம் தெரியும், எந்த வேகம் தெரியாது என்பது முடிவாகிறது.

ரைஷார்ட் காகிதத்தில் போட்ட சுற்றுக்கு உரிய நரம்பணுக்களைப் பழ ஈயின் மூளையில் அடையாளம் காண அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்கிற அதே சின்ன ஈதான். அதன் ஒரு கண்ணில் சுமார் 750 சிறு லென்ஸ்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் டி-4 என்ற வகையில் நான்கு அணுக்கள், டி-5 என்ற வகையில் நான்கு. முன், பின், மேல், கீழ் என்று ஆளுக்கொரு திசை. வெளிச்ச விளிம்பு நகர்வதை டி-4 பார்த்துக்கொள்கிறது, இருட்டு விளிம்பை டி-5. ஜெர்மனியில் அலெக்சாண்டர் போர்ஸ்ட் குழுவினர் 2013-ல் இதை வெளியிட்டார்கள். கடுகளவு உடம்புக்குள் இவ்வளவு ஒழுங்கான பங்கீடு இருப்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

முதுகெலும்புள்ள உயிர்கள் இதே வேலையை வேறு வழியில் செய்கின்றன. 1965-ல் ஹொரேஸ் பார்லோவும் வில்லியம் லெவிக்கும் முயலின் விழித்திரையிலேயே, மூளைக்குப் போகும் முன்னரே, திசை பிரிக்கும் அணுக்கள் இருப்பதை விளக்கினார்கள். அங்கே வேண்டாத திசையிலிருந்து வரும் அசைவை ஒரு தடைக் குறிப்பு முன்கூட்டியே போய் அமுக்கிவிடுகிறது. பூனையில் நடந்தது தற்செயல். டேவிட் ஹூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனை மூளையின் ஓர் அணுவுக்குப் புள்ளி புள்ளியாகக் காட்டி அலுத்துப்போனார்கள். அது அசைந்து கொடுக்கவில்லை. ஸ்லைடை மாற்றும்போது கண்ணாடியின் ஓரத்து நிழல் திரையில் நகர்ந்தது. அணு படபடவென்று பேச ஆரம்பித்தது. 1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கணக்கு நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ உலகில் ஒரு சாட்சி உண்டு. 1983-ல் ஜெர்மனியில் யோசெஃப் ஸீல் என்பவரும் சக ஆய்வாளர்களும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். மூளையின் பின்பகுதியில் இருபுறமும் ஏற்பட்ட பாதிப்பால் அவருக்கு அசைவு மட்டும் தெரியாமல் போனது. நிறம் தெரியும், உருவம் தெரியும், முகம் தெரியும். கோப்பையில் ஊற்றும் தேநீர் உறைந்த கட்டி போல நிற்கும். எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் வழிந்துவிடும். சாலையைக் கடக்க நின்றால் தூரத்தில் ஒரு கார் தெரியும். அடுத்த பார்வையில் அதே கார் பக்கத்தில் நிற்கும். நடுவில் அது வந்தது தெரியாது. அம்பத்தூரில் சி.டி.எச். சாலையைக் காலை ஒன்பது மணிக்குக் கடக்கிறவர்கள், அந்தப் பெண்ணின் நிலையில் தங்களை வைத்துப் பார்த்தால், நாம் கண்ணை நம்பி எவ்வளவு செய்கிறோம் என்பது விளங்கும்.

ஏரிக்கரையில்

ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் சீரமைத்த நடைபாதை உண்டு. காலையில் நடக்க வருகிறவர்கள் காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் நீரைப் பார்த்தால் போதும். அசைவை வைத்தே நடக்கும் ஓர் உலகம் கண்முன் விரியும்.

முதலில் தவளை. 1959-ல் ஜெரோம் லெட்வினும் அவரது கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் பெரும் திருப்பங்களில் ஒன்று. தவளையின் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகளில் ஒரு வகை, சின்னதாக, கருப்பாக, நகரும் பொருளுக்கு மட்டுமே எழுகிறது. கண் படம் பிடித்து மூளைக்கு அனுப்புகிறது, மூளை அதை ஆராய்கிறது என்ற பழைய எண்ணத்தை இது உடைத்தது. இரை என்ற முடிவின் பாதியைக் கண்ணே எடுத்துவிடுகிறது. இதற்குத் தவளை கொடுக்கும் விலை கொடியது: சுற்றிலும் செத்த பூச்சிகளைக் கொட்டி வைத்தாலும், ஒன்றும் அசையாவிட்டால் அது பட்டினி கிடந்தே சாகும்.

ஏரிவரை போக முடியாதவர்கள் வீட்டுச் சுவரையே பார்க்கலாம். வெயில் படும் ஜன்னல் ஓரத்தில் வரி வரியாக ஒரு குட்டிச் சிலந்தி தாவித் தாவித் திரியும். வலை பின்னி அதில் காத்திருக்கும் வகை இல்லை. பாய்ந்து பிடிக்கும் வகை. அதற்கு எட்டுக் கண்கள். முகத்துக்கு நேராக இருக்கும் பெரிய இரண்டும் நுணுக்கம் பார்க்க. பக்கத்தில் இருப்பவை அசைவைப் பிடிக்க. ஒரு பேனா முனையை அதன் பக்கவாட்டில் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். சட்டென்று உடம்பு முழுவதையும் திருப்பி, அந்த இரண்டு பெரிய கண்களால் உங்களை நேருக்கு நேர் பார்க்கும். பேனாவை நிறுத்திவிட்டால் சற்று நேரத்தில் அதற்கு அக்கறை போய்விடும். நம் கண்ணிலும் இதே ஏற்பாடு ஒன்று உண்டு: நடுப்பகுதி எழுத்துப் படிக்க, ஓரப்பகுதி அசைவைப் பிடிக்க. டூவீலரில் போகும்போது பக்கத்துச் சந்திலிருந்து நாய் வருவதை நாம் பார்ப்பது ஓரக்கண்ணால்தான்.

இனி ஒரு சிக்கல். பார்க்கிறவரே நகர்ந்தால்? சிக்னலுக்காக நிற்கும் யூனிட் ட்ரெயினில் உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்துத் தண்டவாளத்து ரயில் கிளம்புகிறது. நம் ரயில் பின்னால் போவதாக வயிற்றில் ஒரு கணம் பகீரென்று இருக்கும். காட்சி மொத்தமும் ஒரே பக்கம் நகர்ந்தால், நகர்வது நான்தான் என்று மூளை முடிவுகட்டுகிறது. பெரும்பாலான நேரம் அது சரிதான். ரயில் ஜன்னலில் மட்டும் ஏமாறுகிறது.

ஓடியாடும் உயிர்களுக்கு இது சாவா வாழ்வா என்ற பிரச்சினை. தன் அசைவால் உலகமே நகரும்போது, அதற்குள் புழு நகர்வதை எப்படிக் கண்டுபிடிப்பது? புறா இதற்கு வைத்திருக்கும் வழியை ஆவடி ஸ்டேஷன் பிளாட்பாரத்திலேயே பார்க்கலாம். அது தலையை முன்னும் பின்னும் ஆட்டி நடப்பதாகத் தெரிகிறதே, உண்மையில் பின்னால் போவதே இல்லை. தலையை முன்னால் தள்ளி, அந்தரத்தில் ஓர் இடத்தில் அப்படியே நிறுத்துகிறது, உடம்பு நடந்து வந்து சேரும்வரை தலை அங்கேயே நிற்கிறது, மறுபடியும் தள்ளுகிறது. தலை நிற்கும் அந்தச் சில கணங்களில் உலகம் அசையாது. அசைவதெல்லாம் இரையோ எதிரியோதான். கனடாவில் பாரி ஃப்ராஸ்ட் 1978-ல் புறாவை டிரெட்மில்லில் நடக்கவிட்டார். கால் நடக்கிறது, ஆனால் சுற்றியுள்ள காட்சி நகரவில்லை. தலையாட்டம் நின்றுபோனது. நடையினால் வருவது அல்ல அது, பார்வையினால் வருவது என்று அந்த ஒரு சோதனையில் தெளிவாகிவிட்டது.

இதே வித்தையின் உச்சத்தைப் பார்க்கச் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போக வேண்டும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையடித்து நிற்கும். இறக்கை கண்ணுக்குப் பிடிபடாமல் துடிக்கிறது, வால் விரிகிறது, காற்றுக்கு உடம்பு ஆடுகிறது. தலை மட்டும் ஆணியடித்தது போல நிற்கிறது. அலையும் நீருக்கு அடியில் நகரும் மீனைப் பிரித்தெடுக்க அந்த நிலைத்த தலை இல்லாமல் முடியாது. ஆவடியில் அர்ஜுன் டாங்கியை உருவாக்கிய சி.வி.ஆர்.டி.இ. (போர் வாகன ஆய்வு நிறுவனம்) பொறியாளர்கள் தீர்க்க வேண்டியிருந்ததும் இதே சிக்கல்தான். மேடு பள்ளத்தில் டாங்கி குலுங்கி ஓடினாலும் குறிபார்க்கும் கருவி குலுங்கக் கூடாது. 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்ட அர்ஜுன் மார்க் 1-ஏ டாங்கியில், நகரும் இலக்கைத் தானாகப் பின்தொடரும் வசதியும் சேர்ந்தது.

தேனீக்களோ இந்தச் சிக்கலையே கருவியாக்கிக்கொண்டன. தான் பறக்கும்போது காட்சி பின்னால் ஓடும் வேகத்தை வைத்தே அவை வழி கண்டுபிடிக்கின்றன. இதை உலகுக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர் மண்டயம் வீ.ஸ்ரீனிவாசன். பெங்களூரில் மின்பொறியியல் படித்து, யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப்பட்டம் பெற்று, ஆஸ்திரேலியாவில் தேனீக்களோடு வாழ்நாளைக் கழித்தவர். இருபுறமும் கோடு போட்ட சுரங்கப் பாதைக்குள் தேனீக்களைப் பறக்கவிட்டார்கள். அவை சரியாக நடுவில் பறந்தன. ஒரு சுவரின் கோடுகளைத் தேனீ போகும் திசையிலேயே நகர்த்தினால், அந்தப் பக்கம் காட்சி மெதுவாக ஓடுகிறது. சுவர் தூரத்தில் இருப்பதாக நினைத்துத் தேனீ அதை ஒட்டிப் பறந்தது. இரண்டு கண்ணிலும் காட்சி ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்பதே அதன் விதி. போன தூரத்தையும் அப்படித்தான் அளக்கிறது. கோடு போட்ட ஆறு மீட்டர் குறுகிய சுரங்கத்தில் பறந்து திரும்பிய தேனீக்கள், நூறு மீட்டருக்கு மேல் போய்வந்தது போலக் கூட்டில் நடனமாடின. சுவர் பக்கத்தில் இருந்ததால் காட்சி விரைந்து ஓடியது. தூரம் அதிகம் என்று கண் கணக்குச் சொன்னது. பொய் சொன்னது தேனீ இல்லை, சுரங்கம்.

அதே ஸ்ரீனிவாசன் பங்குகொண்ட இன்னோர் ஆய்வு தட்டான்களைப் பற்றியது, 2003-ல் வெளியானது. எல்லைச் சண்டையில் ஓர் ஆண் தட்டான் இன்னொன்றை நெருங்கும்போது, எதிராளியின் கண்ணில் தன் உருவம் நகராமல் இருக்கும்படி தன் பாதையை வளைத்துக்கொள்கிறது. பின்னணியில் நிற்கும் ஏதோ ஒரு செடி போல அது தெரியும். நெருங்கி வருவது தெரியாது. அசைவைக் கண்டுபிடிக்கும் கண்ணை அசைந்துகொண்டே ஏமாற்றுவது இது. தட்டான் தாழப் பறந்தால் மழை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். சில இனங்களில் ஒரு கண்ணுக்கு 30,000 லென்ஸ் வரை உண்டு என்பதையும், துரத்திய பூச்சியை நூற்றுக்குத் தொண்ணூறு முறைக்கு மேல் பிடித்துவிடும் என்பதையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

வேகத்தில் ஈக்களை விஞ்சுவது கடினம். விளக்கு நொடிக்கு சுமார் 60 முறை மினுக்கினால் நமக்கு நிலையான ஒளியாகத் தெரிய ஆரம்பிக்கிறது. வீட்டு ஈக்கு 200-ஐத் தாண்டினாலும் மினுக்கல் தெரியும். சமையலறை டியூப் லைட் அதற்கு விட்டு விட்டு எரியும் விளக்கு. நாம் வீசும் கை, அதன் கண்ணில் நிதானமாக வரும் கை. ஆனால் இந்த வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும். இருட்டில் கண் ஒளியைச் சேர்த்துவைக்க அதிக நேரம் எடுக்கிறது, அசைவு குழம்பிவிடுகிறது. நட்சத்திர வெளிச்சத்தில்கூட நிறம் பிரித்துப் பறக்கும் ஒரு தச்சுத் தேனீயை ஹேமா சோமநாதனும் கூட்டாளிகளும் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆராய்ந்திருக்கிறார்கள். அறிவியல் பெயரில் நம் தரங்கம்பாடியைச் சுமந்துகொண்டிருக்கும் அந்த இனம் ஓர் அபூர்வம். மற்ற உயிர்களுக்கு அந்தி மங்கும்போது வேகத்தை அறியும் திறனும் சேர்ந்தே மங்குகிறது.

நேராக வருவது

பக்கவாட்டில் போவதைப் பார்ப்பது ஒரு வேலை. நம்மை நோக்கி நேராக வருவதைப் பார்ப்பது முற்றிலும் வேறு வேலை. அப்போது காட்சி இடம் மாறாது, பெரிதாகிக்கொண்டே போகும். வெட்டுக்கிளிக்கு இதற்கென்றே ஒரு தனி நரம்பணு உண்டு. எலிக்குத் தலைக்கு மேலே ஒரு கருப்பு வட்டம் விரிந்தால் போதும். ஓடி ஒளியும், அல்லது உறைந்து நிற்கும். புறா மூளையில் மோதுவதற்கு இன்னும் எவ்வளவு நேரம் என்பதையே குறிக்கும் அணுக்களை 1992-ல் வாங் என்பவரும் ஃப்ராஸ்டும் கண்டார்கள். இவையெல்லாம் பருந்திடமிருந்தும் பாம்பிடமிருந்தும் தப்புவதற்கு அமைந்தவை. பல லட்சம் ஆண்டுகளில் எதிரி மணிக்கு நூறு கிலோமீட்டரில் தரையோடு தரையாக வந்தது அரிதினும் அரிது.

அமெரிக்காவில் 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், பறவைகளுக்கு எதிரே வாகனம் வரும் வீடியோவைப் பல வேகங்களில் காட்டினார்கள். மணிக்கு 120 கி.மீ. வரை அவை தப்பும் நேரத்துக்குள் எழும்பின. அதற்கு மேல் போனபோது, எழும்பத் தொடங்கியதும் மோதலும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. வண்டி வேகமாக வருகிறது என்று அவை முன்கூட்டி எழவில்லை. இன்னோர் ஆய்வு, 2013-ல் ஐரோப்பாவில் நடந்தது, என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வேக வரம்பு அதிகமுள்ள சாலைகளில் பறவைகள் தொலைவிலேயே பறந்துவிடுகின்றன. குறைந்த சாலைகளில் அருகில் வரும்வரை இருக்கின்றன. வருகிற குறிப்பிட்ட கார் எவ்வளவு வேகம் என்பது அவற்றுக்குப் பொருட்டில்லை. சாலைக்கு ஒரு வழக்கமான வேகம் இருப்பதை அவை கற்றிருக்கின்றன. அப்படியானால், எல்லோரும் அறுபதில் போகும் சாலையில் ஒருவர் மட்டும் நூறில் போனால், அவர் அந்தப் பறவையின் கணக்குக்கு வெளியே வருகிறார். நசரத்பேட்டையையும் பட்டாபிராமையும் தொட்டுச் செல்லும் வெளிவட்டச் சாலையிலும், செம்பரம்பாக்கத்தை ஒட்டிய பெங்களூர் நெடுஞ்சாலையிலும் விடியற்காலையிலும் அந்தியிலும் கொக்கும் மடையானும் தாழப் பறந்து கடக்கும். அந்த நேரங்களில் அவசியமில்லாமல் முந்தாதீர்கள்.

மனிதனுக்கும் இதே கதைதான் என்பதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ரயில் பாதையை நடந்து கடப்பவர்கள் ஏன் சாகிறார்கள் என்பதைக் கவனக்குறைவு என்ற ஒற்றைச் சொல்லில் நாம் கடந்துவிடுகிறோம். கணக்கைப் பாருங்கள். மணிக்கு நூறு கி.மீ. வேகத்தில் வரும் எக்ஸ்பிரஸ் நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. 280 மீட்டர் தொலைவில், பத்து நொடிக்கு முன், அதன் மூன்றேகால் மீட்டர் அகலம் கண்ணில் முக்கால் டிகிரிகூட இல்லை. நீட்டிய கையின் சுண்டுவிரல் நகத்தைவிடக் குறுகலாகத்தான் தெரியும். அடுத்த ஒரு நொடியில் அது பெரிதாவது ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நிற்பது போலவே இருக்கும். இரண்டு நொடி மிச்சமிருக்கையில், 56 மீட்டரிலிருந்து 28 மீட்டருக்கு வரும் ஒரே நொடியில், உருவம் சட்டென்று இரட்டிப்பாகும். கண் எச்சரிக்கும்போது காலுக்கு நேரமிருக்காது. இதோடு இன்னொரு மயக்கமும் சேர்கிறது. பெரிய பொருள் மெதுவாகப் போவதாகத் தெரியும். மீனம்பாக்கத்தில் இறங்கும் பெரிய விமானம் மிதப்பது போலவும் சின்ன விமானம் விரைவது போலவும் தெரிவது இதனால். அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஷல் லைபோவிட்ஸ் 1985-லேயே ரயில் கிராசிங் விபத்துகளுக்கு இதை ஒரு காரணமாக எழுதினார்.

ஆகவே, நான்கு தண்டவாளங்கள் ஓடும் ஆவடி–அம்பத்தூர்–வில்லிவாக்கம் பாதையில், ரயில் தூரத்தில்தானே இருக்கிறது என்று கண் சொன்னால் நம்பாதீர்கள். கண் பொய் சொல்லவில்லை. அந்த வேகத்தை அளக்க அதற்கு வழியில்லை. அவசரமாக இருந்தாலும் படியேறி நடைமேம்பாலத்தில் போங்கள், அல்லது சுரங்கப்பாதை இருந்தால் அதில் போங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை ஒருநாள் பிளாட்பாரத்தில் நிறுத்தி, நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் ஒன்று நெருங்கி வருவதை பாதுகாப்புக் கோட்டுக்குப் பின்னால் இருந்து முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள். அது எந்த நொடியில் பெரிதாகிறது என்பதை அவர்களே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.